உள் கொந்தளிப்பு

யூரோப்பா குடியரசு, தென்முனை அதிர்வு நிலையம்
பணியில்: அமலோற்பவம், ஒருவர் மட்டும்

ஆண்டு 9, ஆடி 3. காலை 06:00

வெளியே மைனஸ் இருநூற்று இருபது. உள்ளே பதினெட்டு. காற்று சரி, மின்சாரம் சரி. நேற்று மாலை பனிக்கு அடியில், கடல்தரையில், வெந்நீர் ஊற்று ஒன்று வெடித்தது. அதிர்வுமானியின் ஊசி எகிறியது. வகை: உள் கொந்தளிப்பு. அளவு: நடுத்தரம். இரண்டு நாளில் அடங்கும். படகுகள் அதுவரை துறையிலேயே இருக்கட்டும் என்று நகரத்துக்குச் சொல்லிவிட்டேன்.

நகரத்து வானொலி அறையிலிருந்து தொமினிக். "அக்கா, தின்னியளா? இன்னைக்கும் பாசிக்கூழா? எனக்கு இங்க கேக்கும்போதே கொமட்டுது."

ஆடி 5. பகல் 14:20

கடல் அடங்கியது. ஊசி நேர்கோட்டில். பதிவு செய்து கையொப்பமிட்டு அனுப்பினேன்.

தொமினிக்கின் குரல் சரியில்லை. "அக்கா, தலைவரு அவசரநிலை அறிவிச்சிட்டாரு. அவையப் பூட்டிட்டாவ. காரணம்னு ஒங்க மூணாந்தேதி பதிவத்தான் வாசிச்சாவ."

ஆணையை வாங்கிப் படித்தேன். 'தென்முனை நிலையம் உறுதிசெய்தபடி உள் கொந்தளிப்பு நிலவுவதால்...' என்று தொடங்குகிறது. என் கையெழுத்தின் படமும் இணைத்திருக்கிறார்கள்.

நம் அரசியலமைப்பின் முப்பத்தொன்றாம் பிரிவு அவசரநிலைக்கு மூன்று காரணங்களை அனுமதிக்கிறது: போர், வெளித்தாக்குதல், உள் கொந்தளிப்பு. அது எழுதப்பட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. படகுக்காரர்கள் கடலை நினைத்தார்கள். சட்டம் படித்தவர்கள் கலவரத்தை நினைத்தார்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று ஒரு தரப்பு மற்றதைக் கேட்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது தலைவர் சான்றைக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டு மனிதர்களைக் கைதுசெய்கிறார்.

ஆடி 6. காலை 09:15

முப்பது அவை உறுப்பினர்கள் காவலில். அவர்களில் என் அக்கா ரோசலினும் உண்டு. தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவள் அவள்தான். அவசரநிலை இருக்கும்வரை ஏன் பிடித்தீர்கள் என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. காரணம் நீங்கியதாக நிலையத்தில் பணியிலிருக்கும் விஞ்ஞானி பதிவுசெய்து, அது பொதுமக்களுக்கு வாசிக்கப்பட்டால், ஆணை அந்தக் கணமே செத்துவிடும். மறுபடி அறிவிக்க அவையைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

என் நேற்றைய பதிவை அவர்கள் வாசிக்கவில்லை. 'கருவிக் கோளாறு' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆடி 7. காலை 11:00

தலைமைச் செயலர் வேதரத்தினம் நேரடியாகப் பேசினார். தேனாகப் பேசுகிற மனிதர்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரே ஒரு வரி. 'கொந்தளிப்பு நீடிக்கிறது.' அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்ல சாப்பிடுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உண்மையிலேயே யோசித்தேன். அந்த வரியைத் திரையில் எழுதிக்கூடப் பார்த்தேன். அது ஒன்றும் பெரிய பொய்யாகத் தெரியவில்லை. கடலுக்குள் எங்கேயாவது எப்போதும் ஏதாவது கொந்தளித்துக்கொண்டுதானே இருக்கும்? நாற்பத்து நான்கு வயதில் இருப்பது ஒரே அக்கா. அவளை வெளியே கொண்டுவர ஒரு வினைச்சொல் போதும்.

ஆனால் அந்தச் சொல்லால் வருபவள் அவர் தயவில் வருவாள். தயவு தீர்ந்த அன்று அதே சொல்லைக் காட்டி மறுபடி உள்ளே தள்ளுவார்கள். அப்போது நான் எதை மறுப்பேன்?

அழித்தேன். 'ஊசி நேர்கோட்டில். உள் கொந்தளிப்பு இல்லை' என்று அனுப்பினேன்.

ஆடி 8. மாலை 16:40

ரோசலினைப் பேச வைத்தார்கள். என் மனதை மாற்றுவாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவளைத் தெரியாதவர்கள்.

"ஏட்டி அமலா, பக்கத்துல செயலரு உக்காந்திருக்காரு. கெஞ்சச் சொல்லுதாரு. எனக்குக் கெஞ்சி எங்கட்டி பழக்கம்? கேளு, நீ எழுதிக்குடுத்து நான் வெளிய வந்தேன்னு வையி, ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். இங்க சோறு நல்லாத்தான் இருக்கு. ஒன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவல. பெறவு அந்த..."

அத்துடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சத்தமாகச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்து அன்றைய பதிவை எழுதினேன்: கொந்தளிப்பு இல்லை.

ஆடி 9. காலை 07:00

வானொலி செத்துவிட்டது. சூடேற்றியை நகரத்திலிருந்தே பாதிக்குக் குறைத்துவிட்டார்கள். உள்ளே ஒன்பது டிகிரி.

கொந்தளிப்பு இல்லை என்று எழுதினேன். யாருக்கும் போகவில்லை.

பிறகு தட்டுகோல் ஞாபகம் வந்தது. கருவிகளைச் சரிபார்க்கப் பனியை இடிக்கும் இரும்புத் தண்டு அது. நகரத்தின் படகுத்துறை பனிக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு படகிலும் கடலின் ஒலி கேட்கும் பெட்டி உண்டு. மூன்று நிதானமான தட்டு என்றால் 'கடல் அமைதி, இறங்கலாம்' என்று படகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நடக்கப் பழகும்போதே பழகியது அது.

அவசரநிலையில் படகு இறக்கத் தடை. சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினேன்.

ஆடி 10. காலை 10:30

இன்னும் தட்டுகிறேன். உள்ளே இரண்டு டிகிரி. விரல்களில் உணர்வு குறைகிறது. பதில் இல்லை.

யாராவது கேட்கிறார்களா? கேட்டும் பயந்து உட்கார்ந்திருக்கிறார்களா? பயந்தால் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். தட்டுவதற்கு அது தடையாக இல்லை.

ஆடி 11. காலை 08:50

ஊசி அசைந்தது! நகரத் திசை. இயந்திர ஒலி. ஒரு படகு. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

09:20. வானொலிக்கு உயிர் வந்தது. தொமினிக்.

"அக்கா! பேசுனா என்னையும் தூக்கிருவாவ. தூக்கட்டும். படகுக்காரவுளே எறங்கிட்டாவ, எனக்கென்ன? தலைவரு மாளிகை வாசல்ல ஜனம் நிக்கி. 'கடலே அமைதின்னு சொல்லுது, ஒமக்கு எங்கவே கொந்தளிக்கி'ன்னு கேக்காவ. ஒங்க பதிவ வாசிங்க, தெருத்தெருவா ஒலிபெருக்கியில விடுதேன். சீக்கிரம். ஒங்களப் பிடிக்க ஆளு கெளம்பிட்டு. வேற ஒரு விஞ்ஞானியவும் கூட்டிட்டு வாராவ."

வாசித்தேன். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டதால் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. ஆடி 5 முதல் உள் கொந்தளிப்பு இல்லை. கையொப்பம், அமலோற்பவம்.

அவன் பக்கத்திலிருந்து ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. கருவிக் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மக்கள்.

ஆணை செத்தது. வரப்போகிற விஞ்ஞானி எதில் கையெழுத்திட்டாலும் அது பிணத்துக்குப் போடும் கையெழுத்து.

ஆடி 11. பகல் 13:05

உள்ளே மைனஸ் ஆறு. அவர்களின் விண்கப்பல் பனியில் இறங்கிய அதிர்வு பதிவாகியிருக்கிறது. செய்தி அவர்களுக்கு எட்டவில்லை போலும், அல்லது எட்டியும் வருகிறார்கள்.

இதை யார் படித்தாலும்: இதற்குப் பிறகு என் பெயரில் வரும் எதுவும் என்னுடையது அல்ல.

13:11. நிலைய வாசலில் அதிர்வு. மனிதக் காலடிகள், நான்கு பேர். ஒருவர் கனமானவர்.

13:13. கதவை இடிக்கிறார்கள். அளவு: மிகச் சிறியது. தெளிவாகப் பதிகிறேன், பணி இன்னும் என்னுடையது. கடல் அமைதி. உள் கொந்தளிப்பு இல்