கொக்கியைக் கற்றுக்கொண்ட முயல்கள்

இல்லை வாலு, எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. போனில் குரல் இறங்கியிருந்ததற்குக் காரணம் வேறு. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

உன் தம்பியைக் கொண்டுபோன காய்ச்சலுக்கு ஏழு வருடமாகத் தடுப்பூசி தேடுகிறேன். கிருமியின் மேற்பரப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு, பதினாறு மணி கோத்த சரம் மாதிரி. பெப்டைடு. தனியாகப் போனால் உடம்பு அதைச் சட்டை செய்யாது, அதனால் ஒரு பெரிய புரதத்தில் கொக்கி போட்டு மாட்டி முயல்களுக்குச் செலுத்தினோம். கொக்கி என்பது இரண்டையும் ஒட்டுகிற ஒரு ரசாயனம். அவற்றின் ரத்தத்தைச் சோதித்தால் தட்டு முழுக்க மஞ்சள். எதிர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். தம்பிக்காக ஜெயிச்சுட்டேம்மா என்று நீ அழுதாய்.

சோதனைத் தட்டிலும் துண்டை ஒரு புரதத்தில் மாட்டித்தான் வைக்க வேண்டும்; அங்கே புரதத்தை மாற்றினேன், கொக்கியை மாற்றவில்லை. பழைய கொக்கி பாதிப் புட்டி மிஞ்சியிருந்தது. கொட்ட மனம் வராத வீட்டுப் புத்தி. செவ்வாய்க்கிழமை துண்டே இல்லாமல் வெறும் கொக்கியை வைத்துப் பார்த்தேன். அதே மஞ்சள். உண்மையான கிருமியை வைத்தேன். மஞ்சளே இல்லை, வெறும் தண்ணீர் நிறம். மூன்று தடவை. முயல்கள் எங்கள் கொக்கியைத்தான் மனப்பாடம் செய்திருக்கின்றன.

ஆய்வகத் தலைவரிடம் சொன்னேன். எண்ணெல்லாம் நல்லா வந்திருக்கே, சும்மா கிடக்கிற சங்கை ஏம்மா ஊதுறே என்றார். திங்கட்கிழமை முப்பது பேருக்கு முதல் ஊசி. பெரும்பாலும் காய்ச்சல் வார்டில் தரை துடைப்பவர்கள். ஊசி போட்டாச்சு என்ற தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். பட்டியலில் முதல் பெயர் அப்பா. ஊசியைக் கண்டாலே மயங்குகிற மனிதர், பெத்தவனே கை நீட்டலேன்னா வேற எவன் நீட்டுவான் என்று கேட்டுவிட்டு, தினமும் கண்ணாடி முன் சட்டைக் கையைச் சுருட்டிப் பழகுகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வேறு துண்டு கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கலாம். தேட எனக்குத் தெம்பில்லை. தம்பி இரண்டாம் முறை போனதுபோல் இருக்கிறது. ஆறுதல் எழுதாதே.

நீ எதைத் தொட்டாலும் அது நீ நினைத்ததாகவே இருக்கட்டும். பல் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதே. ஈரத்தலையோடு வெளியே போகாதே.

உன் அம்மா

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டு, முப்பது பேருக்கும் நானே சொல்லிவிடுவதென்று பட்டியலை எடுத்தேன். முதல் பெயருக்குத் தொலைபேசி தேவைப்படவில்லை. அடுத்த அறைக்குப் போனேன். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.