துரைசானியின் பட்டுக் கவுன்

பவானிபூர், கல்கத்தா

அம்மாவுக்கு தர்மாம்பாளின் நமஸ்காரம். நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

கீழ்வீட்டு ஜலஜாவின் பெண் காமு நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். பரிசளிப்பு விழாவில் பாட வேண்டியவள், மற்றப் பெண்களைப் போல நல்ல ரவிக்கை இல்லாமல் மேடையேற மாட்டேன் என்று அழுதாள். ஜலஜா பழந்துணிக் கடையில் யாரோ ஒரு துரைசானியின் பட்டுக் கவுனை மலிவாக வாங்கி வந்தாள். கறையும் கிழிசலுமாக இருந்தது. எனக்கு நம்பிக்கையில்லை.

"எவளோ மாட்டிண்ட துணி! அதைக் குழந்தை மேல போடப்போறியா?" என்று ஜலஜாவின் மாமியார் சாவித்ரி அம்மாள் கத்தினாள்.

"பட்டுக்கு ஏதும்மா தீட்டு? நீங்க மடிக்குக் கட்டிக்கறதும் பட்டுதானே?" என்றாள் ஜலஜா, கத்தரியைக் கீழே வைக்காமல்.

கறைகளை ஒதுக்கி வெட்டி, கவுனின் கழுத்து லேஸை ரவிக்கையின் கைகளில் வைத்துத் தைத்தாள். அவ்வளவு கச்சிதம்! காமு தலைநிமிர்ந்து பாடினாள். எந்தத் தையல்காரன் என்று வங்காளி ஆசிரியைகள் என்னை விசாரித்தார்கள். மிச்சத் துணியில் ஜபமாலைக்குப் பை தைத்துத் தரச் சொன்னது யார் தெரியுமா? சாவித்ரி அம்மாள்தான்.

எனக்கும் ஒன்று தைத்துத் தருவதாக ஜலஜா சொல்கிறாள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் பழைய அரக்குப் பட்டுப் புடவையை அனுப்பி வை. துவைக்க வேண்டாம், நீ கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

தர்மு