கறுத்த துண்டும் வெளுத்த துண்டும்

மருமகனே,

எவனாலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று, நமுனுகுல மலையைச் சாட்சியாக நிறுத்திச் சத்தியம் செய்கிறேன். மலைக்கு மறுத்துப் பேச வாயில்லை. அதனால்தான் அதைப் பிடித்தேன்.

இன்று காலை, உன் மாமி அவித்து மூடி மறந்துபோன உருளைக்கிழங்கின் மேல் கறுப்புப் படர்ந்திருந்தது. "நாத்தம் அடிக்குது, தூக்கிப் போடுங்க" என்றாள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதுளையில் என் கடையில்தானே நீ கிழங்கு பொறுக்குவாய். தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரனான நீ அதை அவித்து வில்லையாக அரிந்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஊசி முனையால் ஓடைத் தண்ணீர் தொட்டு வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, பிள்ளை பெற்றவள் மாதிரி காவல் இருப்பாய்.

"கிழங்குல டைரோசின்னு ஒரு சத்து இருக்கு மாமா. இந்தக் கிருமி அதை உடைக்குது. உடைஞ்சது காத்துப் பட்டாக் கறுக்குது. நம்ம தலைமுடிக் கறுப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"அப்ப என் மீசையில ரெண்டு சொட்டு விடு."

"உங்க மீசையக் கிருமிகூடத் தொடாது."

நான் விடுவேனா? அந்தக் கறுப்பு கிண்ணத்தைத் தாண்டி வழிந்து, துரையின் வெள்ளைக் குதிரையை நனைத்து, பார்க்க வந்த காக்கை வெட்கப்பட்டு லுணுகலைக்கே குடிபெயர்ந்ததாகக் கடைவீதியெல்லாம் முழக்கினேன். எல்லோரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய்.

பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு, வந்தது. அந்தச் சனத்துக்குக் குடிக்க, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிகள் இரண்டு. இரண்டின் தண்ணீரையும் துண்டுகளில் தொட்டு வைத்தாய். மேல் பீலித் துண்டு கறுத்தது. கீழ்ப் பீலித் துண்டு சலவை வேட்டிபோல வெளுப்பாகவே இருந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், நீ வாய் திறக்கும் முன்பே குடங்களோடு கீழ்ப் பீலிக்கு மாறிவிட்டார்கள்.

நீயோ வெளுத்த துண்டைச் சுரண்டிப் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, முகம் செத்து என் கடைக்கு ஓடிவந்தாய்.

"கறுக்குறவன் சாது மாமா. கொல்றவன் வெள்ளைத் துண்டுலதான் இருக்கான். துண்டு மேல முழுக்கப் படர்ந்திருக்கான், கண்ணுக்குத்தான் தெரியல. நான் சொன்னா யாரும் நிக்க மாட்டேங்குறாங்க. உங்க வாய்க்குத்தான் ஆள் கூடும். தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க."

போனேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடியவர்கள் முன் நின்று, பிறந்த நாள் முதல் முதன்முறையாக, உப்பு மிளகாய் சேர்க்காமல் ஒன்றைச் சொன்னேன். கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கறுத்தது நல்லதாம், வெளுத்தது கொல்லுமாம். கடைக்காரரு இன்னிக்குக் குதிரையையும் மிஞ்சிட்டாரு."

கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதேன். "அழுகையும் நல்லா வருதுங்க" என்றாள் ஒருத்தி. கைதட்டிவிட்டுக் குடங்களைத் தூக்கிக்கொண்டு கீழ்ப் பீலிக்கே போனார்கள்.

நீ லயம் லயமாக ஏறி, விழுந்தவர்களைத் துடைத்தாய், கழுவினாய், வாயில் கஞ்சி ஊற்றினாய். கடைசியில் உன் உடம்பும் கொதித்தது. உதடு வெடித்துக் கிடந்த நிலையிலும், "குதிரைக் கதை சொல்லுங்க மாமா" என்றாய். சொன்னேன். வழக்கம்போலக் கேட்டாய்: "இதுல எவ்வளவு நிஜம்?"

முதலில் உன் உதட்டை நனைக்கிறேன் என்று, கொதித்த தண்ணீரை ஆற்றி எடுத்துவர எழுந்து போனேன். வந்தபோது நீ இல்லை.

இப்போதும் கிழங்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்கிறேன். மீதிக் கதைக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஊரையே சிரிக்க வைத்த வாய். ஒரு குடத்தைக்கூடத் தடுக்கவில்லை.

நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். குதிரை பொய். காக்கை பொய். மலை சாட்சி நின்றதும் பொய். அந்த வெளுத்த துண்டு, உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்னத் துண்டு மட்டும், நிஜம்.