சீட்டில் விட்டுப்போன வரி

தென்காசி
9-7-1986

என் அத்தானுக்கு,

இங்கன நானும் பிள்ளையும் சுகம். சாரல் விடாம பெய்யுது.

குத்தாலிங்கம் அண்ணாச்சி வந்தாவ. அருவிக்கரையில அவுக மகளையும் மருமகனையும் நீங்க வீடியோப் படம் பிடிக்கும்போது கல்யாணக் கேசட்டு நனைஞ்சதுக்கு, அத்தனை பேர் முன்னால உங்களை ஏசினாவளே, இப்ப அவுகளே வருத்தப்படுதாவ. "படம் வந்தா வரட்டும், தம்பியை ஊருக்கு வரச் சொல்லும்மா"ன்னாவ.

உங்க மேசையில மெட்ராஸ் செலவுச் சீட்டைப் பார்த்தேன். வீடியோ ஸ்டூடியோ வாடகை மணிக்கு நூத்தம்பது வீதம் நாலு மணி நேரம். கேசட்டைத் துடைச்சுக் காப்பி எடுக்குறவருக்கு நூறு. லாட்ஜுக்கு ஒரு வாரம், விலாசத்தோட. டீச் செலவைக்கூட விடலை. போற பஸ்ஸுக்கு அம்பது. அதோட கோடு போட்டுக் கூட்டியிருக்கீய.

சீட்டை மூணு தடவை திருப்பிப் பார்த்துட்டேன். பின்னாலயும் ஒண்ணும் எழுதலை.

வாசப்படி இறங்கினா நீங்க திரும்பி உள்ள வரவே மாட்டீய. மெட்ராஸுக்குக் கிளம்பின அன்னைக்கு மட்டும் வந்து, தூங்குற பிள்ளை தலையைத் தடவிட்டுப் போனீய. நான் ஏன்னு கேட்டிருக்கணும்.

அந்தச் சீட்டை இதோட வச்சிருக்கேன். கோட்டுக்குக் கீழ என் கையெழுத்துல ஒரு வரி இருக்கும்: "திரும்பி வர பஸ், அம்பது." பணத்தை லாட்ஜு விலாசத்துக்கு இன்னைக்கே தந்தி மணியார்டர் பண்ணிட்டேன்.

அப்பா எந்த பஸ்ல வருதாவன்னு பிள்ளை கேக்குதா. ஞாயித்துக்கிழமை காலை பஸ்ஸுன்னு சொல்லிட்டேன். அவகிட்ட என்னைப் பொய்க்காரி ஆக்கிராதீய.

பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கப்போற
உங்க வீட்டுக்காரி