மாயாண்டி மகள் குப்பை

ஈப்போ
3.6.1975

அன்புள்ள அம்மாவுக்கு மகள் நல்லம்மாள் வணங்கி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். காலரா ஊசி போட்ட கைதான் பன்போல வீங்கியிருக்கிறது. ஐயாவு அண்ணே, இதை ஒரு வரிகூட விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தொண்டு செய்ய வங்காள தேசம் போகும் தாதிகளில் நானும் ஒருத்தி என்று எழுதியதிலிருந்து உங்களிடமிருந்து பதிலே இல்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன். கோபமா அம்மா?

நேற்று பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புப் பத்திரத்தின் நகல் வாங்கப் பதிவு ஆபீசுக்குப் போனேன். அங்கே பத்திரம் எழுதும் கராணி, "குப்பை! யாரு இங்க குப்பை?" என்று கூப்பிட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அப்பா பெயரையும் சேர்த்து "மாயாண்டி மகள் குப்பை" என்றதும்தான் என் சிரிப்பு நின்றது.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பெயரை மட்டும் சொல்லவே இல்லையே.

"அடையாளக் கார்டு ஐசில நல்லம்மாள், இந்தப் பொறப்புப் பத்திரத்துல குப்பை. ரெண்டும் ஒரே ஆளுதான்னு பெத்தவங்க வந்து சத்தியம் பண்ணணும்லா" என்கிறார். அப்பாவும் இல்லை. உங்களை விட்டால் எனக்கு யார் சாட்சி? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் வராவிட்டால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலில் விழுந்து கேட்கிறேன், சித்தியவானில் முதல் பஸ் ஏறுங்கள். கைநாட்டு போதும். உங்கள் பழைய சேலை ஒன்றும் கொண்டு வாருங்கள், அங்கே போர்த்திக்கொண்டு தூங்க.

சாவு எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதானே அந்தப் பெயரை வைத்தீர்கள்? அங்கேயும் அது எட்டிப் பார்க்காது, அம்மா.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்
குப்பை