அளந்தவர், எழுதியவர்

சாமி,

உன் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய நீலப் பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. "இது என்னன்னே எங்களுக்குப் புரியல, நீங்களே எடுத்துண்டு போங்கோ அண்ணா" என்று உன் மனைவி கொடுத்தனுப்பினாள். திறந்தால் பழைய மெஷின் எண்ணெய் வாசனை, அந்த இடுக்கி. தோலின் மடிப்பைக் கவ்விப் பிடித்து, உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று மில்லிமீட்டரில் காட்டிக்கொடுக்கும் இரும்பு நண்டு. அதன் அடியில் இருபது தாள்கள். நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீர்' என்றே அழைத்தேன். அந்தத் தாள்களைப் பார்த்ததோடு அந்த மரியாதை போயிற்று. இனி நீ 'நீ'தான்.

நாம் இருவரும் உடற்கல்வி வாத்தியார்கள். உனக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம், எனக்கு வாலாஜாபாத் பக்கம். என்னுடையது தென்னேரிக்கருகே ஒரு சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடும் பரம்பரையில், மாணவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த தொப்பைக்காரன் நான் ஒருவன்தான். "ஓய் நயினாரே, ராத்திரிக்கும் சேர்த்துச் சாயங்காலமே உள்ளே தள்ளிடறீரா?" என்பாய். விசிலை வயிற்றின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு நானும் சிரிப்பேன்.

விளையாட்டு வீரர்களின் உடம்பை அளப்பதற்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது என்று தொண்ணூறுகளின் நடுவில் மோப்பம் பிடித்துவந்தவன் நீதான். உலகத்தில் தொடைக்கும் தொப்பைக்கும்கூடச் சங்கம் வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டதை அந்த வாரமே காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லிவைத்தாய். சென்னையில் நான்கு நாள் பயிற்சி. இருவரும் லீவு போட்டுப் போனோம். எப்போதும் வலப்பக்கம்தான் அளக்க வேண்டும். முதலில் பென்சிலால் தோலில் குறிபோட வேண்டும். அளப்பவர் எண்ணைச் சொன்னதும், எழுதுபவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அளந்தவர் சரி என்றால்தான் தாளில் ஏற்றலாம். நீ வெறும் 'சரி' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சரி ஓய்."

சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொருவரும் இருபது பேரை அளக்க வேண்டும். அதே இருபது பேரை வேறொரு நாளில் மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கும் வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தால், கை நம்பகமான கை. இரண்டையும் தபாலில் அனுப்ப வேண்டும்.

இருபது உடம்புக்கு ஐயம்பேட்டைக் கபடிக் குழுவைப் பிடித்தோம். பாதிப்பேர் தறிக்காரர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை நீ அளந்தாய், நான் எழுதினேன். அடுத்த ஞாயிறு நான் அளந்தேன், நீ எழுதினாய். உன் மனைவியின் கண்மைப் பென்சிலால் நான் குறிபோட்டு இடுக்கியை வைத்ததும் அவர்களின் கேப்டன் நெளிந்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னா சார் இது, டாக்டரு மாதிரியும் இல்ல, டெய்லரு மாதிரியும் இல்ல. சந்தையில ஆட்டைப் புடிச்சிப் பார்த்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது." அன்று நீ சிரித்த சிரிப்பில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினாய். அந்த அடித்தலும் இதோ, ஏழாவது தாளில் இருக்கிறது.

ஆளுக்கொரு சுற்று முடிந்ததோடு முகூர்த்த மாதம் வந்துவிட்டது. கல்யாணப் புடவைக்குக் கெடு வைத்திருக்கும்போது தறியைவிட்டு எழுந்து வந்து தொடையைக் காட்ட யாருக்கு நேரம்? சங்கத்தின் கெடுவும் நெருங்கியது. இருப்பதை அனுப்பி இருவருக்கும் அவகாசம் கேட்பதாகச் சொல்லி என் தாள்களை வாங்கிப் போனாய்.

இரண்டு மாதம் கழித்து உனக்குச் சான்றிதழ் வந்தது. நான் பள்ளியில் இருந்த நாட்களில் வீடு வீடாகப் போய் இரண்டாம் சுற்றை முடித்துவிட்டதாகச் சொன்னாய். என்னுடையது? "தபால்ல தொலைஞ்சுடுத்து ஓய். உம்ம ஜாதகம் அப்படி."

நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஒரு பாவமும் அறியாத தபால்காரரோடு நடுத்தெருவில் சண்டை போட்டேன். அந்த மனிதர் ஓய்வுபெறும்வரை என் தெருவில் தலையைத் திருப்பிக்கொண்டே போனார். நீ மாநில முகாம்களுக்கு அளக்கப் போனாய். பிறகு அந்தச் சங்கத்தின் மாநாட்டுக்கு விமானம் ஏறினாய். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டதும் நான், உன் கையின் நிதானத்தைப் பற்றி நகைச்சுவையாகப் பேசிக் கைதட்டு வாங்கியதும் நான். முன்வரிசையில் உட்கார்ந்து நீயும் தட்டினாய்.

பெட்டியிலிருந்த இருபது தாளும் நான் அளந்தவை. நகலை அனுப்பிவிட்டு அசலை வைத்துக்கொண்டிருக்கிறாய். 'அளந்தவர்' என்ற இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் உன் பெயர். 'எழுதியவர்' என்ற இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் என் பெயர். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வெள்ளை பொரிந்து உதிர்ந்து, உன் பெயருக்கு அடியிலிருந்து என் பெயர் எட்டிப் பார்க்கிறது. என் சுற்றைத்தான் உன் இரண்டாம் சுற்றாக அனுப்பியிருக்கிறாய். கூடவே அந்தச் சங்கத்துத் தேர்வாளரின் பாராட்டுக் கடிதம். இரண்டு சுற்றுக்கும் வித்தியாசமே இல்லாத, அபூர்வமான நிதானமுள்ள கை என்கிறார்.

எந்தக் கை, சாமி?

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு ஊர் வாத்தியார்களின் கை ஒரே கையாகத் தேறியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரு தேர்வாளருக்கும் வக்கில்லை. சிரிப்பு அடங்கியபின் வந்ததைச் சொல்ல மாட்டேன், உன் மனைவி இதைப் படிக்கக்கூடும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். கொடுத்திருக்க மாட்டேன். எனக்கும் விமானம் ஏற ஆசை இருந்தது. அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. சரி, திருடினாய். அதற்குப் பிறகும் எத்தனையோ சாயங்காலம் செவிலிமேடு வரை ஒன்றாக நடந்தோமே, ஒருநாளாவது வாய் திறந்திருக்கலாம். என் ஜாதகத்தைக் குறை சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தாளில் என்ன இருக்கிறது என்று உன் மனைவி போனில் கேட்டாள். "கபடிப் பசங்க அளவும்மா" என்றேன். பொய்யில்லை.

அந்த நான்கு நாள் பயிற்சியில் எனக்குச் சான்றிதழ் மிஞ்சவில்லை, ஒரு பழக்கம் மிஞ்சியது. யார் எண் சொன்னாலும் திருப்பிச் சொல்கிறேன். ரத்த அழுத்தத்தைச் சொன்ன டாக்டர், காது மந்தமா என்று கேட்டார். நீ போன செய்தியோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரத்தைச் சொன்னார்கள். அதையும் திருப்பிச் சொன்னேன்.

நேற்று இருபது தாளிலும் மிச்சமிருந்த வெள்ளையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தேன். நகத்தின் அடியில் இன்னும் இருக்கிறது. பிறகு ஒரு புதுத்தாளை விரித்துவைத்து வாய்விட்டுச் சொன்னேன்: நான் அளந்ததை நீ உன்னுடையதாக அனுப்பினாய். விதிப்படி இன்னொருமுறை திருப்பியும் சொன்னேன்.

நீ "சரி ஓய்" என்றால் எழுதிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவேன். பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன், சாமி.