அத்தை கழுவிய சால்மன்

வியாழன், ராத்திரி.

ஏலக்காய் லோடோட கொச்சி போயிட்டு வந்த வீட்டுக்காரர், மசாலா தடவின சால்மன் மீன் பாக்கெட் வாங்கியாந்தாக. வேலை விட்டு வந்ததும் அப்படியே தோசைக்கல்லுல போட்டுரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அத்தை கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, நாலு தண்ணி விட்டு அலசி வச்சிருந்தாக.

"செவப்பா என்னமோ அப்பிக் கெடந்துச்சு ஆத்தா. சுத்தமா எடுத்துட்டேன்."

அம்புட்டும் காசு குடுத்து வாங்குன மசாலா. நானே மிளகு, பூண்டு, மிளகா வத்தல் அரைச்சுத் தடவிப் பொரிச்சேன்.

"பாத்தியா, இந்தப் பாக்கெட் மசாலா ருசி உன் கையில வராது"ன்னு வீட்டுக்காரர் ரெண்டாவது துண்டை எடுத்தாக. அத்தை வாயைத் திறக்கப் போனாக. சட்டுனு அத்தை தட்டுல ஒரு துண்டு வச்சேன்.

அடுத்த வாரமும் வாங்கிட்டு வாராகளாம். வாங்கிட்டு வரட்டும். கழுவ அத்தை இருக்காக.